காணாமல் போன மைனஸ்

கேமரன் மலையிலுள்ள திரிங்காப்பில் மீன் கெடாது. இது இங்கே ஒரு மதம். "மலையே ஐஸ் பெட்டிலா அண்ணே, இதுக்கு மேல எதுக்கு ஐஸ்?" என்று மீன்காரர் கேட்கிறார். கம்பளிச் சட்டையோடு நிற்கும் நாமும் தலையாட்டுகிறோம். நமக்குக் குளிர்கிறது, ஆகையால் மீனுக்கும் குளிரும். கேமரன் மலையில் பல காலைகளில் வெப்பம் 18 டிகிரி. உறைந்த மீனுக்கு கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தரக் குழு விதித்திருப்பதும் 18தான், முன்னால் ஒரு சின்னக் கோட்டோடு. கோடுதானே என்று யாரோ அழித்துவிட்டார்கள். அந்தக் கோட்டின் நீளம் 36 டிகிரி.

பேராக் கரையில் பிடிபட்ட கெம்பொங் மீன், ஈப்போ தாண்டி, சிம்பாங் பூலாயில் மலையேறி, கம்போங் ராஜா வழியாக இங்கே வருகிறது. பள்ளி விடுமுறையில் அந்தச் சாலையைப் பார்த்திருப்பீர்கள். ஸ்ட்ராபெரி பறித்துப் படம் எடுக்க வந்தவர்களின் கார்கள் பிரிஞ்சாங் வரை அசையாமல் நிற்கும். நடுவே லாரியில் கெம்பொங்கும் நிற்கும். உருகும் ஐஸுக்குள், 0 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டிய மீன் அது. வழியில் ஒவ்வொரு கடையிலும் கதவு திறக்கும், சாமான் இறங்கும், கதவு மூடும். மீனின் மேல் இருந்த ஐஸ் தண்ணீராகி ஓடி, நம் மலைச் சாலையைக் கழுவிவிடும்.

1929இல் வெள்ளைக்காரர் ஜே. ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதே 1929இல் அவர்கள் ஊரில், ஸ்காட்லாந்தின் அபர்டீனில், மீன் ஏன் கெடுகிறது என்று ஆராய டோரி ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார்கள். உறைமீனுக்கு மைனஸ் 30 நல்லது என்று சொன்னவர்கள் அவர்கள். தேயிலை மலையேறிவிட்டது. மீன் அறிவியல் மட்டும் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. தொழிற்சாலைக்குள் போய்ப் பாருங்கள்: இலையை வாட்டுவதற்கு ஒரு சூடு, புளிக்க வைப்பதற்கு ஒரு சூடு, உலர்த்துவதற்கு ஒரு சூடு, எல்லாவற்றுக்கும் அளவு, கண்காணிப்பு. அந்த இலையைப் பறித்தவர் இரவு சாப்பிடும் மீனுக்கு மட்டும் கடைக்காரரின் உள்ளங்கைதான் வெப்பமானி.

இனி, இந்த மீன் கடையில் போய்ச் சேரும் உறைபெட்டிக்கு வருவோம். மீன் ஏறக்குறைய மைனஸ் 1இல் உறையத் தொடங்கும். மைனஸ் 5 வரும்போது அதன் தண்ணீரில் முக்கால் பங்குக்கு மேல் பனியாகிவிடும். இந்த இடைவெளியை வேகமாகக் கடந்தால் பனித்துகள்கள் பொடியாக இருக்கும், சதை பிழைக்கும். மெல்லக் கடந்தால் துகள்கள் பெருத்து, திசுக்களைக் குத்திக் கிழிக்கும். சரி, முதல் தடவை ஒழுங்காகவே உறைந்தது என்று வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்கு நம் கடை முதலாளிக்குக் கரண்ட் பில் ஞாபகம் வருகிறது. இந்த மலை ஆறுகளை மறித்து 1960களிலிருந்து மின்சாரம் எடுத்து நாட்டுக்கே அனுப்புகிறார்கள். அந்த மலையில் ஓர் உறைபெட்டி விடியும்வரை ஓட வழியில்லையாம். சுவிட்சை அணைக்கிறார். விடிவதற்குள் சின்னத் துகள்கள் உருகுகின்றன. காலையில் மறுபடி போடும்போது அந்த ஈரம் பெரிய துகள்களோடு ஒட்டி அவற்றை இன்னும் பெருக்குகிறது. மறுநாளும் அதே பூஜை. வாரக் கடைசியில் நீங்கள் வாங்கிப் போகும் மீனைச் சட்டியில் வைத்தால் முதலில் தண்ணீர் இறங்கும். அந்தத் தண்ணீருக்கும் நீங்கள் மீன் விலைதான் கொடுத்திருக்கிறீர்கள். மிச்சமுள்ள சதை ஊறிப்போன அட்டைப்பெட்டி மாதிரி வாயில் கிடக்கும். கெம்பொங் கொழுப்புள்ள மீன் என்பதால் காறலும் சேரும்.

பிளாஸ்டிக் பைக்குள் வெள்ளையாகப் பனித்தூள் படிந்திருக்கிறதா? "பாருங்க அண்ணே, எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு!" என்பார் கடைக்காரர். அது மீனை விட்டு வெளியேறிய ஈரம். அவர் அணைத்த சுவிட்சின் வருகைப் பதிவேடு.

இவ்வளவும் ருசி சமாச்சாரம், போகட்டும். உறைவதற்கு முன்பே, லாரியிலும் மேசையிலும், மலைக் குளிரை நம்பிக் கிடந்த மணிநேரங்களில் நடப்பதுதான் கொடுமை. கெம்பொங், சூரை, மத்தி இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் உண்டு. 18 டிகிரியில் பாக்டீரியாக்கள் சுகமாக உட்கார்ந்து அதை ஹிஸ்டமின் என்ற நஞ்சாக மாற்றும். ஒரு கிலோவில் 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கோடெக்ஸ். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. திரும்ப உறைய வைத்தாலும் போகாது. மூக்குக்கும் சிக்க வேண்டியதில்லை. சிக்கினாலும் நம் வீட்டுப் புளி மூடிவிடும்.

சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவக்கும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், உடம்பெல்லாம் தடிக்கும். ஒவ்வாமைக்கு உள்ள அதே அடையாளங்கள். ஆகவே கிளினிக்கில் என்ன சொல்வார்கள்? "உங்களுக்கு மீன் சேராது." எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! குற்றவாளி லாரியுமில்லை, கடையுமில்லை, அணைந்த சுவிட்சுமில்லை. தின்றவனின் உடம்புதான் குற்றவாளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தச் சம்பளத்தில் மீன் வாங்கிய வங்காளதேசத் தொழிலாளிக்கும், தோட்டத்தில் எஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கும் ஒரே தீர்ப்பு. இந்த ஒன்றிலாவது பாகுபாடு இல்லை.

சட்டம் இல்லையா? 1983 உணவுச் சட்டம் இருக்கிறது, 1985 உணவு விதிமுறைகள் இருக்கின்றன. அவை ஒருபோதும் உருகாமல் பத்திரமாக உறைந்திருக்கின்றன.

உறைபெட்டியை இரவில் அணைப்பது முதலாளியின் உரிமை என்றே வைத்துக்கொள்வோம். வியாபாரத்தையாவது நேர்மையாகச் செய்யட்டும். கடை வாசலில் ஒரு விலைப்பலகை மாட்டட்டும்: உருகாத மீன், முழு விலை. ஒரு தடவை உருகியது, அரை விலை. இரண்டு தடவை உருகியது, பூனை வளர்ப்பவர்களுக்கு மட்டும். அதற்கு மேல் உருகியது இலவசம்; கிளினிக் பில்லும், வேலைக்குப் போகாத நாளின் சம்பளமும் கடைக்காரர் பொறுப்பு.