முதுகுப்பையார் ஓய்வெடுக்கிறார்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், சாகனே ஆறு செயின்ட் லாரன்ஸ் ஆற்றோடு கலக்கிற முனையில் தாதுசாக் என்று ஒரு சின்ன ஊர். ஊர்க்காரர்கள் 800 பேர் அளவில் இருப்பார்கள். கோடையில் திமிங்கிலம் பார்க்க வரும் கூட்டத்தில் அந்த 800 பேரைப் பொறுக்கி எடுப்பதுதான் கஷ்டம். காரில் வருகிற குடும்பங்கள் இரண்டு நாளில் போய்விடும். பேருந்துக் குழுவினர் சாயங்காலத்துக்குள் போய்விடுவார்கள். போகாமலே இருக்கிறார் ஒருவர். முதுகுப்பையார் என்று அவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். வயது இருபத்து நான்கு இருக்கலாம், நாற்பத்து இரண்டும் இருக்கலாம், தாடி மறைக்கிறது. எந்த நாடு என்று கேட்டால், "இப்போதைக்கு இந்த நாடு" என்பார்.

அவர் வந்தது ஒரே ஓர் இரவு தங்குவதற்கு. 138-ஆம் நெடுஞ்சாலை சாகனே கரைக்கு வந்ததும் தண்ணீரைப் பார்த்துத் திகைத்து நின்றுவிடும். பாலம் கிடையாது. ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்க ஒரு பெரிய படகு. சுமார் 10 நிமிடப் பயணம். இரவும் பகலும் ஓடும். காசு வாங்கமாட்டார்கள். காசு வாங்கமாட்டார்கள் என்று தெரிந்த நிமிடத்திலேயே அவருக்கு ஊர் பிடித்துவிட்டது. இறங்கித்தான் பார்க்க வேண்டும் என்ற அவசியம்கூட இருக்கவில்லை.

அந்தப் பையைப் பற்றியும் சொல்லவேண்டும். இமயமலைக்கு வாங்கிய பூட்ஸ், பாலைவனத்துக்கு வாங்கிய தலைப்பாகை, நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு, மடக்கும் மண்வெட்டி எல்லாம் அதில் உண்டு. துண்டும் சோப்பும் மட்டும் இராது. அவை பக்கத்துக் கட்டில்காரரின் பையில் இருக்கும் என்பது அவருடைய நீண்ட கால அனுபவம்.

அவர் தங்கியிருக்கும் இளைஞர் விடுதியின் சமையலறையில் ஓர் அலமாரி. கிளம்பிப் போனவர்கள் விட்டுப்போன பொருள்களை அதில் வைப்பார்கள்: பாதி பாஸ்தா, கால் புட்டி எண்ணெய், பெயர் ஒட்டாத ஒரு மசாலாப்பொடி. மற்ற அடுக்களைச் சாமானெல்லாம் பெயரும் தேதியும் எழுதிய சீட்டோடு கிடக்கும்; இந்த அலமாரிக்கு மட்டும் உரிமையாளர் இல்லை. முதுகுப்பையார் காலையில் எழுந்ததும் முதலில் தரிசிப்பது அதைத்தான். காலை என்பது பதினொரு மணி. யாராவது ஊருக்குக் கிளம்பினால் பிரிவுத் துயரோடு கட்டிப்பிடித்து விடை கொடுப்பார். "அந்த வெண்ணெயை என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கும்போது குரல் லேசாகத் தழுதழுக்கும்.

பிறகு ஓய்வு. சாதாரண ஓய்வு என்று நினைத்துவிடக்கூடாது. அவர் அதை ஓர் உத்தியோகமாகவே பார்க்கிறார். ஊஞ்சல் படுக்கையில் ஒரு நேரம். 1747-இல் கட்டத் தொடங்கிய மரத் தேவாலயம் ஒன்று இருக்கிறது, அதன் பக்கத்துப் புல்தரையில் ஒரு நேரம். வெயில் சாய்ந்ததும் லீலே முனைப் பாறைக்குப் போய், ஆகஸ்ட் மாதத்திலும் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். திமிங்கிலம் கரையிலிருந்தே தெரிகிற பாறை அது.

வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தில் ஓய்வெடுக்க வந்த ஜீவன் அவர் ஒருவர்தான். ஆற்றின் அடியில் 300 மீட்டருக்கு மேல் ஆழமான ஒரு பள்ளம் அட்லாண்டிக்கிலிருந்து நெடுந்தூரம் ஓடிவந்து, தாதுசாக்குக்குப் பக்கத்தில் சட்டென்று மேடேறி முடிகிறது. அலையேற்றத்தோடு வருகிற குளிர்ந்த உப்புநீர் அந்த மேட்டில் மோதி மேலே எழும்பும். கூடவே கூனி மாதிரியான கிரில் கூட்டம் கூட்டமாகத் திரளும். திமிங்கிலங்கள் வருவது அதற்காக. சாப்பிட்டாக வேண்டும், குளிர்காலம் வருவதற்குள் கொழுப்பு சேர்த்தாக வேண்டும் என்று அவை மும்முரமாக இருக்கின்றன. படகுக்காரர்களும் ஓட்டல்காரர்களும் அப்படியே. மே முதல் அக்டோபர் வரைதான் அவர்களுக்கும் தீனி. ஊர் முழுக்க வேர்க்க விறுவிறுக்க ஓடுகிறது, நடுவில் இவர் தொப்பியோடு உட்கார்ந்து, "என்ன ஒரு நிதானமான ஊர்!" என்கிறார்.

படகுச் சவாரிக்கு அவர் போகமாட்டார். அந்தப் பணத்தில் விடுதியில் இன்னும் இரண்டு மூன்று நாள் படுத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் காரணம் கேட்டால் கணக்கைச் சொல்லமாட்டார். திமிங்கிலத்தின் மனநிலையைச் சொல்வார். 1998-இல் இங்கே கடல்வளப் பூங்கா அமைந்தது. வெள்ளைத் திமிங்கிலமான பெலூகாவுக்கு 400 மீட்டர் இடம் விட்டுத்தான் படகுகள் போகவேண்டும் என்று விதி. "விதி என்று ஒன்று இருந்தால் மதிக்கவேண்டும்" என்று சொல்லிவிட்டு, காசில்லாப் படகில் ஏறி அக்கரைக்கும் இக்கரைக்குமாக நாலு நடை போய்வருவார். சாகனே முகத்துவாரத்துக்குப் பெலூகாக்கள் தாமாகவே வருவது உண்டு. வண்டி ஏற்றுகிற ஆட்களுக்கு அவர் முகம் பழகிவிட்டது.

மூன்றாம் நாள் அவர் ஊர்க்காரராகிவிடுகிறார். இதற்கு எந்த அலுவலகத்திலும் மனுப் போடவேண்டியதில்லை. படகிலிருந்து புதிதாக இறங்கும் கூட்டத்தைப் பார்த்து, "சுற்றுலாப் பயணிகள்!" என்று பெருமூச்சு விட்டால் போதும்.

பாறைக்கு ஒரு குடும்பம் வருகிறது. அப்பா நீரைக் காட்டிக் கத்துகிறார்: "அதோ, வெள்ளையாக!"

"அலை" என்கிறார் முதுகுப்பையார், திரும்பிப் பார்க்காமல்.

"அதோ இன்னொன்று!"

"அதுவும் அலை."

பத்தில் ஒன்பது தடவை அவர் சொல்வது சரியாகவே இருக்கும். அங்கே எதைப் பார்த்தாலும் பெரும்பாலும் அலைதான். பத்தாவது தடவை பெலூகா முதுகைக் காட்டிவிட்டுப் போகும். அவர் அப்போதும் அலை என்பார்.

பிள்ளைகள் வாலைக் கேட்கிறார்கள். கேட்கத்தானே செய்வார்கள்? கடைத்தெருவில் பனியன், கோப்பை, சாவிக்கொத்து என்று எதை எடுத்தாலும் நீருக்கு மேலே விரிந்த வால்தான். ஆனால் அங்கே அடிக்கடி தெரிகிற மிங்கி திமிங்கிலம் முதுகை ஒரு வளைவு காட்டிவிட்டு இறங்கிவிடும். வாலைத் தூக்கும் வழக்கமே அதற்குக் கிடையாது. 20 மீட்டர் நீளத் துடுப்புத் திமிங்கிலமும் வால் விஷயத்தில் கஞ்சன். வாலைத் தாராளமாகக் காட்டுவது கூனல்முதுகுத் திமிங்கிலம். அது எப்போது வரும் என்று கேட்டால், "தேடாதீர்கள், தேடினால் வராது" என்று கண்ணை மூடிக்கொள்வார். பிள்ளைகள் அழ ஆரம்பிக்கும். 1930-களில் பெலூகாக்கள் மீன்களைத் தின்று தீர்க்கின்றன என்று சொல்லி, ஒன்றைக் கொன்றால் 15 டாலர் என்று கியூபெக் அரசாங்கம் சன்மானம் கொடுத்த கதையை அப்போது எடுத்துவிடுவார். நேரில் நின்று தடுக்கப் பார்த்தவர் மாதிரி சொல்வார். அழுகை கூடும்.

அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஏற்பாடு இல்லாமல் இங்கே தங்கிவிடுவது பழைய சம்பிரதாயம். 1600-இல் பியேர் ஷோவேன் என்ற பிரெஞ்சு வணிகர் தோல் வாங்கி விற்க இங்கே ஒரு வீடு கட்டி, குளிர்காலத்துக்கு 16 பேரை விட்டுப்போனார். வசந்தத்தில் பிழைத்திருந்தவர்கள் 5 பேர். அவர்களும் அங்கிருந்த பழங்குடி மக்கள் அடைக்கலம் கொடுத்ததால் பிழைத்தவர்கள். அந்த வீட்டைப் போலவே பிற்காலத்தில் கட்டிய ஒன்று ஊரில் நிற்கிறது. முதுகுப்பையார் அதை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார், உள்ளே போகக் கட்டணம்.

தினமும் இரவு, "நாளைக்குக் கிளம்புகிறேன்" என்பார். விடுதி வரவேற்பறைப் பெண் தலையாட்டிவிட்டு இன்னொரு நாளுக்கு ரசீது எழுதுவாள். கடைசியில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்து கட்டில்களை எல்லாம் பிடித்துக்கொண்டதால் பையைத் தூக்கவேண்டியதாயிற்று. கிளம்புமுன் அலமாரியில் எதையாவது வைக்கவேண்டுமே என்று யோசித்து, பெயர் ஒட்டாத அந்த மசாலாப்பொடியையே எடுத்து, துடைத்து, திரும்ப வைத்தார்.

இப்போது அவர் வேறோர் ஊர் விடுதியில், வேறொரு கட்டிலில் சாய்ந்திருக்கிறார். பக்கத்துக் கட்டில் பையன் தாதுசாக் போகப்போவதாகச் சொல்கிறான்.

"அங்கேயா? இப்போதெல்லாம் ஒரே கூட்டம், தம்பி. நான் இருந்த காலத்தில் அப்படி இல்லை" என்கிறார் முதுகுப்பையார்.

அவர் இருந்த காலம் போன செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது.