எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை

சேலம், நாமக்கல் சீமைக்கு ஒரு தனிப் பாக்கியம் உண்டு. இங்கே எய்ட்ஸ் வந்து யாரும் செத்ததில்லை. முப்பது வயதில் எலும்பும் தோலுமாய்ப் போனவருக்கு மஞ்சக்காமாலை. அவர் போன சில மாதங்களில் கண்ணை மூடிய மனைவிக்கு ஏக்கம். தேறாத கைக்குழந்தைக்கு தோஷம். ஒரே வீட்டில் மூன்று சாவும் அடுத்தடுத்து விழுந்தால், பங்காளி வைத்த செய்வினை. அந்த ஒரு பெயரைத் தவிர எல்லாப் பெயரும் இழவு வீட்டுத் திண்ணையில் கிடைக்கும்.

யாருக்கும் இல்லாத இந்த நோய்க்கு அரசு என்னவோ வீணாக மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்கு ‘நம்பிக்கை மையம்’, மாத்திரைக்கு ஏ.ஆர்.டி. மையம். நாமக்கல்லில் மருந்து வாங்கினால் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று நாமக்கல்காரர் சேலத்துக்குப் போகிறார். அதே அச்சத்தில் சேலத்துக்காரர் ஈரோட்டுக்கு பஸ் ஏறுகிறார். வழியில் இருவரும் சேலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சந்தித்தால், “கல்யாணத்துக்குங்க” என்பார் ஒருவர். “நானும் கல்யாணத்துக்குத்தானுங்க” என்பார் மற்றவர். போக்குவரத்துக் கழகத்துக்கு நம் மானத்தால் கிடைத்த வருமானத்தை யாராவது கணக்கெடுக்கலாம்.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்த மாதிரிகளைத் திரட்டி, வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் உறுதியானது. அதுவரை அது அமெரிக்காக்காரன் நோய். அப்புறம் பம்பாய் நோயானது. நம் பக்கம் வந்து சேர்ந்தபோது லாரிக்காரன் நோய். நோய் எத்தனை ஊர் மாறினாலும் அது அடுத்தவன் வீட்டு நோயாகவே இருந்தது.

லாரிக்காரன் என்று சொல்லும்போது நாம் ஓட்டுநரைத்தான் சொல்கிறோம், முதலாளியை அல்ல. நாமக்கல்லில் பாடி கட்டி, டேங்கர் கட்டி, திருச்செங்கோட்டில் ரிக் கட்டி நாடு முழுக்க அனுப்பினோம். அசாமுக்கும் குஜராத்துக்கும் போன வண்டி திரும்பிவர இருபது நாளும் ஆகும், நாற்பது நாளும் ஆகும். லோடு கிடைக்கும்வரை வண்டிக்கு அடியிலேயே பாய். வண்டிக்கு எஃப்.சி. தேதி, இன்சூரன்ஸ் தேதி, டயர் மாற்றும் தேதி எல்லாம் முதலாளி வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டிருக்கும். ஓட்டியவன் வீட்டுக்குப் போகும் தேதியை யாரும் வட்டமிடவில்லை. அவன் சம்பாதித்துக் கொடுத்ததில் மாடி எழும்பியது, பிள்ளை பொறியியல் படித்தான், கோயிலுக்குக் கோபுர விளக்கு போட்டு உபயதாரர் பெயரும் எழுதியாயிற்று. கிருமி வந்தபோது மட்டும் அது ஓட்டுநரின் சொந்தச் சம்பாத்தியம். வாடகையில் பங்கு கேட்ட ஊர் வியாதியில் பங்கு கேட்கவில்லை. சாலையோரம் நின்ற பெண்ணைப் பற்றி அந்த அளவுக்குக்கூடப் பேச்சில்லை. அவளைத் திட்ட மட்டும் எல்லாருக்கும் வாய் இருந்தது.

கிருமி போகும் வழி ஒன்றும் சிதம்பர ரகசியமில்லை. ஆணுறை இல்லாத உடலுறவு, சோதிக்காத ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, தாயிடமிருந்து கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ குழந்தைக்கு. இவ்வளவுதான். எச்சிலில் வராது, வியர்வையில் வராது, கொசுவில் வராது. டம்ளரில் வராது, டம்ளரைத்தான் தனியாக எடுத்து வைத்தோம். கல்யாணத்தில் வரும், அதைத்தான் மேளம் கொட்டி, ஊர் கூட்டி, கெட்டிச் சீரோடு செய்து வைத்தோம்.

உள்ளே புகுந்த எச்.ஐ.வி. உடம்பின் காவலில் இருக்கும் சிடி4 வெள்ளணுக்களை மெல்ல அழிக்கும். மருந்தில்லாமல் விட்டால் அவை கரைந்து, காசநோய் முதலியவை கேட்பாரின்றி நுழையும் நிலைதான் எய்ட்ஸ். அதற்கு எட்டுப் பத்து வருடம்கூட ஆகும். அதுவரை ஆள் வாட்டசாட்டமாகத்தான் இருப்பார். தரகர் சொல்வாரே, “தங்கமான பையனுங்க, ரெண்டு வண்டி சொந்தமா ஓடுது, உடம்பைப் பாருங்க” என்று. உடம்பைத்தான் பார்த்தோம்.

பத்துப் பொருத்தமும் பார்த்தோம். ரஜ்ஜுப் பொருத்தம் இல்லாவிட்டால் தாலிக்கு ஆபத்து என்று நல்ல வரன்களைத் தட்டிவிட்டோம். ரத்தம் மட்டும் பார்க்கவில்லை. ரத்தம் பார்க்கத் தெரியாத ஊரா இது? முட்டைக்கோழிக்கு ராணிக்கெட் தடுப்பூசி போட்டுவிட்டு, எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கிறதா என்று ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஒன்றரை வருடம் முட்டையிட்டுவிட்டுக் கறிக்குப் போகும் கோழிக்குக் கிடைத்த கவனம், ஐம்பது வருடம் வாழ வந்த மருமகளுக்குக் கிடைக்கவில்லை. யாரையும் கட்டாயப்படுத்திச் சோதிக்கக் கூடாது என்பது சட்டம், சரியான சட்டம். பெண்ணும் பையனும் தாமாகவே நம்பிக்கை மையத்துக்குப் போய் வரத் தடை எது? “எங்க பையனையே சந்தேகப்படறீங்களா?” என்ற கேள்விதான். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் சிலருக்குப் பதில் முன்பே தெரியும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா அப்படி மாட்டியவர். தொண்ணூறுகளின் நடுவில், இருபதையொட்டிய வயதில், லாரி ஓட்டிய உறவுக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கணவருக்குத் தன் நோய் தெரியும்; பெண்ணுக்குத் தெரியாது. தாலி கட்டிய கொஞ்ச நாளில் அவருக்கும் தெரியவந்தது, தன் உடம்பிலேயே. பாவம் என்ற பட்டத்தோடு மூலையில் உட்கார வேண்டியவர், 1998-இல் தன்னைப்போன்ற பெண்களைச் சேர்த்து ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ அமைப்பைத் தொடங்கினார். ஊடகத்தின் முன் பெயரும் முகமும் காட்டிப் பேசினார். நம் சீமை அவரிடம் கேட்டிருக்கும் கேள்வி எதுவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்?’

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் விழிப்புணர்வு விளம்பரமாய் ‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்டது நினைவிருக்கும். பஸ்ஸில், பள்ளியில், சட்டையில் புள்ளி போட்டவனைக் கண்ட இடத்தில் எல்லாம் சிரிப்பு. ராஜாவுக்கு வருமா வராதா என்று மாநிலமே மண்டையை உடைத்துக்கொண்டது. வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்த ராணிக்கு வருமா என்று ஒரு சுவரும் கேட்கவில்லை.

மருந்தில்லாத காலமாவது சாக்குச் சொல்ல இடம் கொடுத்தது. 1996 வாக்கில் கூட்டு மருந்து வந்தபோது ஓர் ஆளுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை. 2001-இல் நம் நாட்டு சிப்லா நிறுவனம் நாளுக்கு ஒரு டாலருக்குத் தருகிறேன் என்றதும் உலகக் கம்பெனிகளின் விலைப்பட்டியல் சரிந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய எட்டு இடங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இன்று பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். கிருமியை அடியோடு ஒழிக்காது, அடக்கி வைக்கும். தவறாமல் விழுங்கி, ரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவில் இன்னொருவருக்குப் பரவாது. கர்ப்பிணி உரிய காலத்தில் மருந்தெடுத்தால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பை நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே கொண்டுவரலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரைப்போல் வேலைக்குப் போய், பேரன் பேத்தி எடுத்து, முழங்கால் வலிக்கிறது என்று புலம்பும் வயதுவரை இருக்கலாம்.

இந்த மாத்திரை வேண்டாம் என்பவருக்கு லாட்ஜ் வைத்தியர் இருக்கிறார். மாதத்தில் ஒரு நாள் அறை எடுத்து, எய்ட்ஸ் உட்பட எல்லாவற்றையும் லேகியத்தில் குணமாக்குவார். குணமாக்குவதாகச் சொல்லவே கூடாத நோய்களென்று மருந்து விதிகளில் ஜே அட்டவணை ஒன்று உண்டு. அதில் முதல் பெயரே எய்ட்ஸ். அட்டவணை டெல்லியில் இருக்கிறது, விளம்பரம் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் இருக்கிறது.

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்தது மறந்துபோயிருக்காது. சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து போன கிருமியுள்ள ரத்தத்தைக் கர்ப்பிணி ஒருவருக்கு ஏற்றிவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்தது எந்த அதிகாரியும் அல்ல. ரத்தம் கொடுத்த இளைஞரே வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தெரிந்துகொண்டு, பதறிப்போய்த் தகவல் சொன்னார். சில நாளில் அவர் விஷம் குடித்துச் செத்தார். உண்மையைத் தானாக வந்து சொன்ன ஒரே மனிதருக்கு இந்த மாநிலத்தில் கிடைத்த மரியாதை அது.

தனியார் மருத்துவமனைகளின் கதை வேறு மாதிரி நாகரிகமானது. அறுவைச் சிகிச்சைக்கு முன் கேட்காமலே ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பார்த்த மறுநாள் தியேட்டரில் மெஷின் ரிப்பேராகிவிடும், டாக்டர் லீவில் போய்விடுவார், “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க” என்று ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். 2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி இது செல்லாது. ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது, சிகிச்சை மறுக்கக் கூடாது, விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. நீதிமன்றத்துக்குப் போனால் உண்மைப் பெயரை மறைத்தே வழக்கு நடத்தலாம். இருபது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் மருத்துவமனை ஒவ்வொன்றும் இதற்கென்று ஒரு புகார் அலுவலரை வைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அடுத்த முறை சேலத்தில் ஏதாவது கண்ணாடிக் கட்டட மருத்துவமனைக்குக் காய்ச்சலுக்குப் போனாலும், வரவேற்பறையில் நின்று கேளுங்கள்: “உங்க எச்.ஐ.வி. புகார் அலுவலர் யாருங்க?” நாற்காலிகளில் இருப்பவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகக் கேளுங்கள்.