கடல் பார்த்த அறை

வருகிற ஜூலை மாதத்துக்கு, பிரான்சில் நீஸ் நகரத்தில், குமணன்சாவடிக்காரர் ஒருவர் பேரில் கடல் பார்த்த அறை ஒன்று இருக்கிறது. பால்கனி உண்டு. காலைச் சிற்றுண்டி உண்டு. சிறப்புக் கோரிக்கைக் கட்டத்தில் "உயரமான மாடி, லிஃப்டுக்குத் தள்ளி, வெந்நீர் கெட்டில் அவசியம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த அறை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் அவருடையது. ஐந்தரைக்கு டீயைக் குடித்துவிட்டு ரத்து செய்துவிடுவார்.

ஓட்டல் பார்க்கிறவர்களை உங்களுக்கும் தெரியும். மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் போவதாக இருந்தாலும் ஒரு மாதம் ஆராய்வார்கள். நல்ல விமர்சனத்தைப் படிக்கவே மாட்டார்கள். ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டியவனைத் தேடிப் படிப்பார்கள். ஓட்டல்காரர் போட்ட படத்தை நம்ப மாட்டார்கள்; தங்கியவன் எடுத்த குளியலறைப் படத்தைப் பெரிதாக்கி, ஷவர் குழாயில் உப்புப் படிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதெல்லாம் சாதாரண வியாதி. நான் சொல்லவந்தது முற்றிய கேஸ்.

முற்றிய கேஸ் ஓட்டல் பார்ப்பதோடு நிற்காது, புக் செய்யும். "இலவச ரத்து, பணம் அங்கே வந்து கட்டினால் போதும்" என்று எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, அன்று தொடங்கியது இது. கார்டு நம்பரைக் கொடுத்தால் போதும், பைசா போகாது, அறை உங்களுடையது. கெடுவுக்கு முன் ரத்து செய்தால் போகாத பைசா போகாமலே இருக்கும். ஆவடி தொழிற்சாலையில் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்று, எங்கள் அடுக்ககத்தில் இரண்டாவது மாடியில், மெட்ரோ பாலம் பார்த்த பால்கனியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு... சரி, மாடியெல்லாம் எதற்கு, பொதுவாகவே சொல்கிறேன். அப்படிப்பட்ட ஒருவருக்கு இது என்ன மாதிரி அதிகாரத்தைக் கொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜெர்மனியில் இருக்கிற பிள்ளை ஒரு தடவை வீடியோ காலில் "வாங்கப்பா, இங்கிருந்து எங்கயாவது கடற்கரைப் பக்கம் போயிட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டான். பிள்ளை அதை மறந்திருப்பான். இவர் அன்றிலிருந்து மத்தியதரைக் கடலின் வடகரை முழுவதையும் ஒவ்வொரு அறையாகப் பிடித்து, வைத்திருந்து, விட்டுக்கொண்டிருக்கிறார். பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று கிளம்புகிற மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை இடம் பார்த்திருக்க மாட்டார்கள்.

அறை கையில் இருக்கிற நாட்களில் அவர் நடையே வேறு. லிஃப்டில் பார்த்தால், "நம்ம ரூம்லேர்ந்து கடல் நேரா தெரியுது சார், நடுவுல ரோடு மட்டும்தான்" என்பார். அந்த "நம்ம"வைக் கவனிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் கிரீஸின் சான்டோரினித் தீவில் நாள் முழுக்க நிலம் அதிர்ந்து, ஆயிரக்கணக்கானவர்கள் படகேறிப் போனார்களே, அந்த வாரம் ராத்திரி பத்தரை மணிக்குக் கூப்பிட்டார். "நம்ம ரூமுக்கு ஒண்ணும் ஆகலை சார். இப்பதான் மெயில் போட்டுக் கேட்டேன்."

தகவல் இல்லாத ஆள் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. நீஸில் நெக்ரெஸ்கோ என்று ஒரு பெரிய ஓட்டல் இருக்கிறது, இளஞ்சிவப்புக் கூம்பு வைத்தது, 1913-ல் திறந்தது. அங்கே அறை பிடித்திருந்தபோது அதைக் கட்டிய ஆன்ரி நெக்ரெஸ்கோவின் கதையை எனக்கு மாடிப்படியில் நிறுத்திவைத்துச் சொன்னார். ருமேனியாக்காரர். திறந்த மறு வருடமே முதல் உலகப் போர். ஓட்டல் ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. எல்லாம் போய் 1920-ல் பாரீஸில் நொடித்துப்போய்ச் செத்தார். சொல்லும்போது குரல் கம்மிவிட்டது, சொந்தச் சித்தப்பாவின் கதை போல. ஒரு ராத்திரிக்கு நம் பணத்தில் அரை லட்சத்தை ஒட்டிக் கேட்கிற அந்த அறையை மறுநாள் ரத்து செய்தார். காரணம், நீஸ் கடற்கரையில் மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். "கல்லு பார்க்க எதுக்கு சார் பிரான்சு? அவன் ஆண்ட பாண்டிச்சேரியிலேயே பீச் ரோடு நெடுகக் கல்லு கொட்டி வெச்சிருக்கே."

ரத்துக்கான காரணம் ஒவ்வொன்றும் ஆராய்ச்சிக்குரியது. இத்தாலியின் பொசிட்டானோவில் ஊரே செங்குத்துப் படி, முட்டிக்கு ஆகாது. இத்தாலியில் கடற்கரைக் குடைக்கும் சாய்நாற்காலிக்கும் நாள் வாடகை, அதிலும் தண்ணீரை ஒட்டிய முதல் வரிசைக்குக் கூடுதல், "மெரினாவுல மணல்ல உக்காந்தா எவன் சார் காசு கேட்டான்?" ரூம் வாடகை போக, தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று ஊர் வரி வேறு. வெயில் இன்னொன்று. நீஸ் இருக்கிற ரிவியராக் கரையில் ஒரு காலத்தில் பணக்காரர்கள் குளிருக்குத் தப்பித்துத்தான் வருவார்கள், கோடையில் ஓட்டலைப் பூட்டிவிடுவார்கள். 1923-ல் ஓர் அமெரிக்கத் தம்பதி கேட்டுக்கொண்டதற்காக ஆன்டீப் பக்கம் ஓட்டல் டு காப்பைக் கோடையிலும் திறந்து வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் கோடைக்கு அங்கே போவது நாகரிகமானது. இதை எங்கோ படித்துவிட்டு, "வெயில்ல கடலுக்குப் போறதே நேத்து வந்த பழக்கம் சார். வெயில் நமக்கு இங்கயே ஃப்ரீ" என்று ஒரே ராத்திரியில் எல்லா அறையையும் விட்டார்.

ஆனால் அவருடைய மாஸ்டர் பீஸ் வாஸ்து. ரிவியராக் கரை தெற்குப் பார்த்தது. கடல் பார்த்த அறை என்றாலே தெற்குப் பார்த்த அறை. இது தெரியவந்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "எமன் திசை சார்." சரியென்று சான்டோரினிக்குப் போனார். அங்கே எரிமலைப் பள்ளத்தைப் பார்த்து வரிசையாக வெள்ளைச் சுவர் அறைகள். அஸ்தமனம் பார்க்கத்தான் உலகமே அங்கே கூடுகிறது, ஆக எல்லாம் மேற்கு. மேற்கு பரவாயில்லையா என்று ஜோசியரைக் கேட்க மாங்காடு வரைக்கும் போய்வந்தார். கிழக்குப் பார்த்த கடல் வேண்டும் என்று வரைபடத்தை விரித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தபோது, அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து சொன்னார்: "ஏங்க, கிழக்குப் பார்த்த கடல் திருவான்மியூர்லேர்ந்தே ஆரம்பிக்குதே."

அந்த அம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ரத்து செய்கிறபோது காரணம் கேட்டு ஒரு கட்டம் வரும், விருப்பமிருந்தால் எழுதலாம். வெறுமனே விட்டுவிட இவருக்கு மனசு வராது. அதுதான் இவரிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம். பணிவாக, நல்ல ஆங்கிலத்தில், மனைவிக்கு உடல்நலம் சரியில்லாததால் வர முடியவில்லை, அடுத்த வருடம் கட்டாயம் வருவோம் என்று எழுதுவார். இப்படியாக மார்செய்யிலிருந்து கிரீஸ் வரைக்கும் அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இத்தாலியில் குடும்பமாக நடத்துகிற ஓர் ஓட்டலிலிருந்து, சீக்கிரம் குணமாக வேண்டிக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. அதை அவர் எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்க, மேற்படி நோயாளி இருபது கிலோ அரிசிச் சிப்பத்தை லிஃப்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"விசாவுக்கு எப்படியும் ரூம் ரசீது காட்டணும் சார், அதுக்குத்தான்" என்று எப்போதாவது சமாதானம் சொல்வார். உண்மைதான், ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள். விசாவுக்கு மனுப் போட்டால் அல்லவா கேட்பார்கள்? 2024 ஜூனில் அதன் கட்டணத்தை எண்பது யூரோவிலிருந்து தொண்ணூறாக ஏற்றியபோது, ஏற்கெனவே கட்டியவன் மாதிரிக் கொதித்தார்.

திருவான்மியூர் என்று அந்த அம்மா சொன்னதற்கு ஒரு பலன் இருந்தது: ஆராய்ச்சி ஈசிஆருக்கு வந்தது. கோவளத்துத் தாஜில் பிடித்தார். 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தாரே, அப்போது நம் பிரதமர் தங்கியது அங்கேதான், காலையில் கடற்கரையில் குப்பை பொறுக்கியதும் அங்கேதான். "வி.ஐ.பி. இடம் சார்." இரண்டு நாள் கழித்து அதுவும் போயிற்று. "ஷி ஜின்பிங் எங்க தங்கினார் தெரியுமா? கிண்டியில! அங்கேர்ந்து மகாபலிபுரத்துக்கும் கோவளத்துக்கும் கார்ல போயிட்டுப் போயிட்டு வந்தார். கடல் பார்த்த ரூம் வேணாம்னு அவரே முடிவு பண்ணியிருக்கார்னா ஏதோ இருக்கு." அப்புறம் ஜி.எஸ்.டி. ஒரு ராத்திரி வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், தாண்டினால் 18. அந்த 5-ம் 2025 செப்டம்பர் 22-லிருந்துதான்; முன்பு 12. 7,800 ரூபாய் சொன்ன ஓர் இடத்துக்குப் போன் போட்டு, முந்நூறைக் குறைத்தால் இருவருக்கும் நல்லது என்று வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அரை மணி நேரம் வரிச்சட்டம் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண் கடைசியில் "சார், நீங்க ஆடிட்டரா?" என்று கேட்டதாம். பெருமையாகச் சொன்னார்.

தரங்கம்பாடியில் பழங்காலத்துப் பங்களா ஒன்றை ஓட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். வாசலில் கடல், பக்கத்தில் 1620-ல் எழும்பிய டேனிஷ் கோட்டை. அதையும் பிடித்தார். "டேனிஷ்காரன் இருநூத்தி இருபத்தஞ்சு வருஷம் இருந்துட்டு 1845-ல இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டுப் போயிட்டான் சார். அவனுக்கே செட்டாகலை." ரத்து.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். பாண்டிச்சேரிக்கு வந்தால் சிரிப்பு வரவில்லை. போன மே மாதம் என் அக்கா குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தது. பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரத் தெருக்களைக் காட்டிவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டி விடாமல் மறித்துவைக்கிற அந்தக் கடற்கரைச் சாலையில் நடக்கவிடலாம் என்று எண்ணம். அறை தேடினால் சனி, ஞாயிறுக்கு எங்கும் இல்லை. கூப்பிட்ட இடத்திலெல்லாம் "ஃபுல் சார்". கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சாக்கடை பார்த்த ஓர் அறையில் ஏழு பேர் படுத்து எழுந்தோம். திரும்பி வந்து இவரிடம் சொன்னால், "அடடா, கேட்டிருக்கலாமே! அந்தச் சனிக்கிழமைக்கு என்கிட்ட மூணு ரூம் இருந்ததே, வெள்ளிக்கிழமைதான் விட்டேன்" என்கிறார். மூன்று அறை! போகிற உத்தேசமே இல்லாத மனுஷனிடம், கோடைவிடுமுறையில், கடல் பார்த்து, மூன்று அறை! ரத்தானவை கடைசி நாளில் யாருக்கோ போயிருக்கும், அல்லது பூட்டியே கிடந்திருக்கும். ஓட்டல்காரர்கள் முன்பணம் கேட்டால் கொள்ளைக்காரன் என்று முதலில் எழுதுகிறவர்களும் இவர்கள்தான். முன்பணம் வாங்குங்கள் ஐயா. பாதியாவது வாங்குங்கள்.

அவர் வீட்டம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். ஒரு நாள் மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், இரண்டு ராத்திரிக்கு அறை போட்டுவிட்டார். தன் மொபைலில், தன் சேமிப்பிலிருந்து, முழுப் பணமும் கட்டி. ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது என்கிற வகையில். அதில்தான் வாடகை குறைவு என்பது மூன்று நிமிடத்தில் அவருக்குப் புரிந்திருக்கிறது.

நம்மாள் அன்று ராத்திரி தூங்கவில்லை. என் வீட்டுக் கதவைத் தட்டி, ரசீதைக் காட்டி, "திரும்ப வராதுன்னு போட்டிருக்கே சார், இதுக்கு அர்த்தம் நிஜமாவே வராதுன்னா?" என்றார். நிஜமாகவே வராது என்றேன். திசை பார்த்தார், சுத்தக் கிழக்கு. விமர்சனங்களில் எவனாவது திட்டியிருக்கிறானா என்று பார்த்தார். திட்டியிருந்தான், ஆனால் பிரயோசனமில்லை. கிளம்பிப் போகிற நாளில் பையோடு லிஃப்டில் நின்ற கோலம், ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரி.

அன்று சாயங்காலமே போன். "சார், இங்கேர்ந்து நாலு பில்டிங் தள்ளி இன்னொரு ஓட்டல் இருக்கு. இதே ரேட்டு, இலவச ரத்து, கெட்டில் உண்டு. பிடிச்சு வெச்சிருக்கேன், ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் டைம்."

"அது இருக்கட்டும் சார், கடல் எப்படி இருக்கு?"

"இருங்க. அவ தண்ணியிலதான் நின்னுட்டிருக்கா, வந்ததும் கேட்டுச் சொல்றேன்."