ஒரே பந்தல், ரெண்டு கல்யாணம்

நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்தே ஓட்டுப் போட்டுவிட்டால் செலவு மிச்சம் என்று ராம்நாத் கோவிந்த் குழு 2024 மார்ச்சில் 18,626 பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தது. சிக்கனத்தைப் பற்றி இவ்வளவு காகிதம் செலவழித்து யாரும் பேசியதில்லை.

அண்ணன் கல்யாணத்தோடு தம்பிக்கும் அதே பந்தலில் முடித்துவிடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம்தான். ஒரே மேளம், ஒரே சமையல்காரர். மொய்யும் ஒரே கவரில் வந்துவிடும், அது ஒன்றுதான் நஷ்டம். 1952-லிருந்து 1967 வரை தேசமும் பெரும்பாலும் இப்படித்தான் காலம் தள்ளியது.

முதல் தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதன்மேல் அவர் சின்னம். சீட்டில் பேரும் கிடையாது, முத்திரையும் கிடையாது. பிடித்தவர் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியது. எண்ணுவதற்காகத் திறந்தபோது சில பெட்டிகளில் காசும் மனுக்களும் இருந்தனவாம். உண்டியல் என்று நினைத்திருக்கிறார்கள். ரொம்பத் தப்பில்லை. போட்டதைத் திருப்பிக் கேட்க முடியாதது ரெண்டுக்கும் பொது.

சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 375-ல் 152. பந்தல் இருக்கிறது, பந்தி இருக்கிறது, மாப்பிள்ளையைக் காணோம். தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, கொல்லைப்புற வழியாக மணவறைக்குக் கூட்டிவந்தார்கள். 1967-ல் அண்ணாவோ பக்கத்துப் பந்தலில் போய் உட்கார்ந்திருந்தார். தென்சென்னையில் நாடாளுமன்றத்துக்கு நின்று ஜெயித்தவர், இங்கே தி.மு.க. 137 இடம் பிடித்துவிட்டதால் அந்த மாலையைக் கழற்றிவிட்டு முதலமைச்சராக ஓடிவந்தார். அவருக்கும் அதே மேலவை, அதே கொல்லைப்புறம்.

இந்த ஏற்பாட்டை யாரும் சட்டம் போட்டுக் கலைக்கவில்லை. 1959-ல் கேரளத்தில் நம்பூதிரிபாட் அரசை டெல்லி கலைத்தது. அந்த வீட்டு முகூர்த்தம் அன்றைக்கே தவறிவிட்டது. 1967-க்குப் பிறகு ஹரியானாவில் கயா லால் என்பவர் பதினைந்து நாளில் மூன்று முறை கட்சி மாறினார். மாநில அரசுகள் வரிசையாகக் கவிழ்ந்தன. கடைசியில் இந்திரா காந்தியே 1970 டிசம்பரில் மக்களவையை ஒரு வருஷம் முன்னதாகக் கலைத்தார். சும்மா இருந்த கருணாநிதி, நல்ல முகூர்த்தத்தை விடுவானேன் என்று சட்டமன்றத்தையும் கலைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டார். தி.மு.க.வுக்கு 184 இடம். இந்திரா காங்கிரஸ் சட்டமன்றத்தில் ஒரு இடத்துக்குக்கூடப் போட்டியிடவில்லை; நாடாளுமன்றப் பந்தியில் மட்டும் ஒன்பது இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனது.

தனித்தனி முகூர்த்தத்தின் அருமை தெரிய வேண்டுமானால் 1980-ஐப் பார்க்க வேண்டும். ஜனவரியில் மக்களவைத் தேர்தல். எம்.ஜி.ஆர். கட்சிக்கு 39-ல் 2. ஆட்சியில் இருப்பவருக்கு இது சாதாரண அடியில்லை. மக்கள் நம்பிக்கை போய்விட்டது என்று சொல்லி டெல்லி ஒன்பது மாநிலச் சட்டமன்றங்களைப் பிப்ரவரியில் கலைத்தது. நம்முடையதும் அதில் ஒன்று. மே மாதம் மறுபடி தேர்தல். அதே ஜனங்கள், அதே வாக்குச்சாவடி, விரலில் அதே மை. எம்.ஜி.ஆருக்கு 129. டெல்லிக்கு இந்திரா, கோட்டைக்கு இவர் என்று ஜனங்கள் கணக்காகத்தான் பிரித்திருந்தார்கள். டெல்லிக்குத்தான் புரியவில்லை. ரெண்டு தேர்தலையும் சேர்த்து வைக்க 2024-ல் கொண்டுவந்த மசோதாப்படி, நடுவில் கலைந்த சபைக்குத் தேர்தல் வைத்தால் வருகிறவருக்கு மிச்சக் காலம் மட்டும்தான். மறுமணம் செய்துகொள்ளலாம், முதல் கல்யாணத்தின் பாக்கி நாள்வரைக்கும். 1977 சபையின் மிச்சம் என்று பார்த்தால் எம்.ஜி.ஆருக்கு ரெண்டு வருஷம் சொச்சம் கிடைத்திருக்கும்.

1984-ல் மறுபடி ஒரே பந்தல். மாப்பிள்ளை எம்.ஜி.ஆர். புரூக்ளின் ஆஸ்பத்திரியில். ஜமீன்தார் வர முடியாவிட்டால் அவர் வாளை மணவறையில் வைத்துத் தாலி கட்டுவார்கள் இல்லையா, அந்த மாதிரி அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் படத்தை ஊர் ஊராகத் திரையிட்டுக் கல்யாணத்தை முடித்தார்கள். ஆண்டிபட்டிக்கு வராமலேயே ஆண்டிபட்டியில் ஜெயித்தார்.

1996-லும் ரெண்டும் சேர்ந்துதான் வந்தன. ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று கோபப்பட்டுக் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். ஒரே தொகுதிக்கு 1,033 வேட்பாளர்கள். ஓட்டுச் சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க முடிந்தது. தன் ஆளின் சின்னம் எந்தப் பக்கத்தில் என்று கிழவிகள் புரட்டித் தேட வேண்டும். அச்சு வேலை முடிய வேண்டாமா? தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனது. ஊரெல்லாம் சேர்ந்து ஓட்டுப் போட்ட வருஷத்தில் மொடக்குறிச்சிக்கு மட்டும் தனி முகூர்த்தம். தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். வேட்பாளர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அவரவர் ஓட்டை அவரவர் யாருக்குப் போட்டார்களோ!