நாலாவது மூட்டை

வாடா பேராண்டி, உட்காரு. ஒரு மூட்டை உரத்துக்குப் பத்துக் கூடை தக்காளி, ரெண்டுக்கு இருபது, அப்ப நாலு மூட்டைக்கு நாப்பதுன்னு போன்ல தட்டிக் காட்டினியாமே! தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி வேலை எதுவும் காலியா இருந்தா சொல்லி அனுப்புறேன்.

உன்மேல குத்தமில்ல. நம்ம ரிங்லெட் தேயிலை மலையில கொழுந்துக்கூடை பக்கத்துல வளர்ந்தவனுக்கு அப்படித்தான் தோணும். ஏறக்குறைய அஞ்சு கிலோ பச்சைக்கொழுந்து உள்ள போனா ஒரு கிலோ தூள் வெளிய வரும். அம்பது போனா பத்து. 1929ல ‘போ’ங்கிற தேயிலைத் தோட்டம் போட்ட ரஸ்ஸல் தொரைக்கும் இதேதான் கணக்கு. இலையில முக்காலுக்கு மேல தண்ணி, வேற என்ன வரும்? ஆனா மழைநாள்ல தராசுல கொழுந்தை வெச்சதும் ஈரத்துக்குன்னு கொஞ்சம் கழிப்பாங்க பாரு, அப்ப உன் பாட்டி போடுற சத்தம் மலையடிவாரத்துத் தாப்பா டவுன் வரைக்கும் கேக்கும். அந்தக் கணக்கே ஈரம் பட்டா அசையுது. உன் தக்காளி எம்மாத்திரம்?

உன்னை மாதிரி எதையும் நேர்கோடாவே நினைக்கிற பழக்கத்தைப் படிச்சவங்களும் நோண்டிப் பாத்திருக்காங்க. 2007ல கேலிஷ், கிரிஃபித்ஸ், லெவன்டாவ்ஸ்கின்னு மூணு பேரு. இந்த எண்ணுக்கு இந்த எண் ஜோடின்னு ஒருத்தனுக்குப் பழக்கி, அவன் சொன்ன விடையை அடுத்தவனுக்குப் பாடமா வெச்சாங்க. அவன் விடை அதுக்கும் அடுத்தவனுக்கு. மொதல்ல கொடுத்தது வளைஞ்ச கோடோ, இறங்குற கோடோ, கண்டபடி சிதறினதோ, சில கை மாறினதும் பெரும்பாலும் நேரா மேல ஏறுற கோடாப் போச்சு! நாலு கங்காணி வாய் மாறி வந்த சேதியைக் கேட்டிருந்தா இதுக்கு ஆராய்ச்சியே வேண்டியதில்ல.

அட, எஞ்சினியருங்க மட்டும் தப்பிச்சாங்களா? கீழ ஏரியைப் பாரு. 1963ல சுல்தான் அபூபக்கர் பேருல அணை கட்டி முடிச்சப்ப மேல பெரும்பாலும் காடு. வருசத்துக்கு இவ்வளவு மண்ணுதான் வரும்னு ஒரு கணக்கு இருந்துச்சு. அப்புறம் மலையைச் சீவிக் காய்கறி போட்டாங்க, பிளாஸ்டிக் கூரை போட்டாங்க. அந்தக் கணக்கை மண்ணு படிக்கல போல, அதுபாட்டுக்கு வந்து ரொப்பிருச்சு. இப்ப தோண்டித் தோண்டி எடுக்குறாங்க.

ரெண்டு மூட்டை வரைக்கும் நீ கண்ணால பாத்த சங்கதி, சரி. அதுக்கு மேல நீ போனதே இல்லையே? நாலாவது மூட்டையில செடிக்கு வேர் கருகும், உனக்கு உரக்கடை பாக்கி ஏறும். பாக்கி மட்டும் நீ போட்ட கோட்டுலயே நேரா ஏறும், அதுல சந்தேகமே வேணாம்.

ஒண்ணு செய். ஒரே ஒரு பாத்திக்கு மட்டும் கூட்டிப் போட்டுப் பாரு. மிச்ச மூட்டை வீணாப் போகுதேன்னு கவலைப்படாத, சாயங்காலம் என் கொட்டாய்ல இறக்கிரு. எனக்கு இந்தத் தடவை உரம் பத்தல.