கோழி முந்திய ஊரில் ஓர் எல்டர்

எல்டருக்கு வயது பத்தொன்பது. முளைக்கலாமா வேண்டாமா என்று இன்னும் யோசிக்கும் மீசை, வெள்ளைச் சட்டை, அம்மா எடுத்துக் கொடுத்த டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. பட்டையில் குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கும். வீட்டில் கூப்பிடும் பெயரை விமான நிலையத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறான். அது திரும்பக் கிடைக்க இரண்டு வருடம் ஆகும். பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், அச்சு அசலாக இன்னொருவன். அவனும் எல்டர்தான். இவர்களில் ஒருவனைத் தனியாகப் பார்த்தவர் உலகத்தில் கிடையாது. குளியலறைக்குள் மட்டும் தனியாகப் போகலாம். மற்றபடி எழுவதும் தின்பதும் ஜெபிப்பதும் ஜோடியாகத்தான். ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவனுக்கு இல்லை. குறட்டை விடுபவன் வாய்த்தாலும் மேலிடம் மாற்றும்வரை பொறுக்க வேண்டியதுதான்.

ஊர், அமெரிக்காவின் யூட்டா. இவன் சபையாரை நாம் மார்மன்கள் என்போம்; வீடு வீடாகப் போய்ச் சுவிசேஷம் சொல்லும் இவர்களின் இளம் ஊழியக்காரனுக்குத்தான் எல்டர் என்று பட்டம். மார்மன் என்ற பெயர் வேண்டாம் என்று 2018-இல் அப்போதைய சபைத் தலைவர் ரஸல் நெல்சன் சொல்லிவிட்டார். ஆகவே 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று முழுசாகச் சொல்ல வேண்டும். வாசற்படியில் குளிரில் நின்று, புதிதாகக் கற்ற மொழியில், இதை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்குள் கதவு சாத்தியிருக்கும்.

எந்த நாட்டுக்குப் போவது என்பதும் அவன் கையில் இல்லை. மனுப் போடலாம், அவ்வளவுதான். பெரியப்பா மகனுக்கு டஹிட்டித் தீவு விழும். எதிர்வீட்டுப் பையனுக்குப் பக்கத்து மாநிலமான ஐடஹோ விழும். 1966-இல் மிட் ராம்னிக்குப் பிரான்ஸ் விழுந்தது. திராட்சை மதுவே மூச்சாக இருக்கும் நாட்டில் வீடு வீடாகப் போய் மது கூடாது என்று சொல்லிப் பழகியவருக்கு, 2012 அதிபர் தேர்தல் தோல்வி பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு. செலவும் சொந்தச் செலவு: மாதம் 400 டாலர், 2020 முதல் 500. சம்பளம் இல்லாமல் வேலை பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சம்பளம் கட்டி வேலை பார்ப்பவன் இவன் ஒருவன்தான்.

நம் எல்டருக்கு விழுந்தது ஜப்பானின் செண்டாய்.

ஜப்பானில் யாரும் அவனை விரட்டவில்லை. அதுதான் சிக்கல். அங்கே 'வேண்டாம்' என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள்; தான் துரத்தப்பட்டிருக்கிறோம் என்று அவனுக்கு விளங்கவே இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை சாத்திய கதவுகளுக்கெல்லாம் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, நல்ல வரவேற்பு என்று டைரியில் எழுதிக்கொண்டிருந்தான்.

அபூர்வமாகக் கதவு திறந்தால் அடுத்த ஆபத்து தேநீர். கொட்டும் பனியில் சைக்கிள் மிதித்து வந்த பையனைப் பார்த்து ஒரு பாட்டிக்கு மனசு இளகுகிறது. உட்காரவைத்து, இரண்டு கையாலும் பச்சைத் தேநீர்க் கிண்ணத்தை நீட்டுகிறாள். 1833-இல் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த வெளிப்பாட்டின்படி டீயும் கூடாது, காபியும் கூடாது. சூடான கோக்கோ ஆகும். ஐஸ் போட்ட காபி ஆகாது. இதைப் பாட்டிக்கு விளக்க அவனுடைய ஜப்பானிய மொழி போதாது. 'பார்லி டீ என்றால் குடிப்பேன்' என்கிறான். அது வெயில் காலத்துக் குளிர்பானம் ஆயிற்றே என்று பாட்டி விழிக்கிறாள். கடைசியில் வெந்நீர் கிடைக்கிறது. வந்தவன் டீ குடிக்க மாட்டேன் என்றால் நம் வீடுகளிலும் அத்தையின் முகம் மாறும். பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன்.

டிசம்பர் பிறக்கும்போது எல்டர் நிமிர்கிறான். பதினொரு மாதம் இந்த ஊரில் அவன் அந்நியன். இது அவனுடைய மாதம். கடைவீதி முழுக்க மரமும் மணியும் நட்சத்திரமும். ஜோசென்ஜி தெருவின் செல்கோவா மரங்களில் லட்சக்கணக்கான விளக்குகள். பாலன் பிறப்பைச் சொல்ல வந்தவனுக்கு இதைவிடச் சௌகரியம் என்ன வேண்டும்?

அம்மாவின் பார்சல் நவம்பரிலேயே வந்துவிட்டது. '25-ஆம் தேதிக்கு முன் பிரிக்காதே' என்று நாலு பக்கமும் எழுதியிருக்கிறாள். பக்கத்திலேயே சுங்கத்துக்கான சீட்டு. அதில் அதே கையெழுத்தில்: காலுறை 4 ஜோடி, டை 1, கடலை வெண்ணெய் 2 பாட்டில், மிட்டாய். ஆச்சரியத்தைச் சர்க்கார் கெடுத்துவிட்டது. ஆனாலும் எல்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். பிரிக்காமல் தினமும் அந்தச் சீட்டை மட்டும் வாசித்துக்கொள்கிறான்.

முன்பெல்லாம் 23-ஆம் தேதி விடுமுறை இருந்தது. ஜோசப் ஸ்மித் பிறந்த நாள் அன்றுதான் என்று எல்டர்கள் உள்ளூர மகிழ்ந்துகொள்ளலாம். ஊர் கொண்டாடியதென்னவோ பேரரசர் அகிஹிட்டோவின் பிறந்த நாளை. 2018-க்குப் பிறகு அதுவும் போயிற்று. 25-ஆம் தேதி விடுமுறையே கிடையாது. எல்லாரும் ஆபீஸ் போவார்கள்.

24-ஆம் தேதி இரவுதான் விசேஷம். யாருக்கு என்பதில்தான் எல்டருக்கு அடி விழுகிறது. ஜப்பானில் அது காதலர்களின் இரவு. விளக்குத் தெருவில் சுவிசேஷம் சொல்லலாம் என்று புறப்பட்ட இருவருக்கும் முன்னாலும் பின்னாலும் கைகோத்த ஜோடிகள். எல்லாரும் ஜோடி, இவர்களும் ஜோடி. பெண்பிள்ளைகளோடு பழகுவது இரண்டு வருடத்துக்குத் தடை என்பதால் எல்டர் கண்ணை மரத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறான். குளிர் தாங்காமல் ஒரு கடைக்குள் நுழைந்து கோக்கோ கேட்கிறார்கள். பரிமாறும் பெண் ஒரு கணம் யோசிக்கிறாள். அன்றைக்கு ஜோடியாக வருகிறவர்களுக்கெல்லாம் வைக்கும் ஸ்ட்ராபெர்ரி கேக்கை, ஒரு தட்டு, இரண்டு முள்கரண்டி என்று முறையாகக் கொண்டுவந்து வைக்கிறாள். மேலே சாக்லேட்டில் ஓர் இதயம். 'நாங்கள் ஊழியக்காரர்கள்' என்று எல்டர் பட்டையைக் காட்டுகிறான். 'வாழ்த்துகள்' என்கிறாள் அவள். கேக் நன்றாகவே இருந்தது.

ஆனால் உண்மையான போட்டியாளரை அவன் சந்தித்தது இலவச ஆங்கில வகுப்பில்தான். வேதம் கேட்க வராதவர்கள் இலக்கணம் கேட்க வருவார்கள் என்பது இவர்களுடைய பழைய கணக்கு. கிறிஸ்துமஸ் பற்றி உரையாடுவோம் என்றான். பணி ஓய்வு பெற்ற ஒருவர் பணிவாகக் கை தூக்கினார்.

“அமெரிக்காவில் கென்டக்கிக்கு எத்தனை வாரம் முன்னால் சொல்லிவைக்க வேண்டும்?”

“கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கென்டக்கி சாப்பிடுவதில்லை.”

வகுப்பு அமைதியானது. பிறகு எல்லார் முகத்திலும் இரக்கம். பாவம், கஷ்டப்பட்ட குடும்பம் போலிருக்கிறது.

கோழி முந்திய இந்தக் கதையை எல்டருக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இவனுடைய சபை ஜப்பானில் கால் வைத்தது 1901-இல். பின்னாளில் சபைக்கே தலைவரான ஹீபர் ஜே. கிராண்ட்தான் முதலில் வந்து இறங்கியவர். 1924-இல் கடையைக் கட்டினார்கள். அத்தனை வருடத்தில் சேர்ந்தவர்கள் இருநூறு பேர்கூடத் தேறவில்லை. 1948-இல் மறுபடி வந்தார்கள். கென்டக்கிக் கோழி, அதாவது கே.எஃப்.சி., வந்தது 1970-இல். நாலே வருடத்தில், 1974-இல், 'கிறிஸ்துமஸுக்குக் கென்டக்கி' என்று விளம்பரம் செய்தது. அதோடு சரி, நாடே மனம் திரும்பிவிட்டது. இன்றைக்கும் வாரக்கணக்கில் முன்பதிவு, வாசலில் வரிசை, வரிசைக்கு முன்னால் சாந்தா உடுப்பில் கடையின் நிறுவனர் கர்னல் சாண்டர்ஸ் சிலை.

இதில் எல்டரின் நெஞ்சில் தைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கென்டக்கிக் கோழியின் முதல் கிளை கென்டக்கி மாநிலத்தில் திறக்கவில்லை. 1952-இல் பீட் ஹார்மன் என்பவர் அதைத் திறந்தது சால்ட் லேக் சிட்டியில், இவன் சபையின் தலைமையகம் இருக்கும் அதே ஊரில். 1957-இல் கோழியைப் பக்கெட்டில் போட்டு விற்கத் தொடங்கியதும் அவர்தான். ஆக ஜப்பானுக்கு அந்த ஊரிலிருந்து போனவை இரண்டு. ஒன்று வெள்ளைச் சட்டையும் டையுமாகச் சைக்கிளில் போனது. இன்னொன்று பக்கெட்டில் போனது. பக்கெட் ஒரு கதவையும் தட்டவில்லை.

சபைக்குள் மட்டும் கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சிறு கூட்டத்தில் கிறிஸ்து பிறப்பு நாடகம் போட்டார்கள். சாஸ்திரிகள் வேஷத்துக்கு எல்டர்களைப் பிடித்தார்கள். கிழக்கிலிருந்து வந்தவர்கள் அல்லவா சாஸ்திரிகள், ஜப்பானுக்குக் கிழக்கே இருப்பது அமெரிக்காதானே என்று ஒரு பெரியவர் நியாயம் சொன்னார். மூன்றாவது சாஸ்திரிக்கு ஆள் இல்லாமல் பல் டாக்டர் ஒருவர் வந்தார். ஒட்டகம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை. நாடகம் முடிந்ததும் சோற்று உருண்டை, பொரித்த கோழி. எந்தக் கடைக் கோழி என்று எல்டர் கேட்கவில்லை.

25 அன்று கோயில் இல்லை. அது ஞாயிறாக அமைந்தாலொழிய இவர்கள் சபையில் தனி ஆராதனை கிடையாது. இருட்டில் எழுந்து, புதுத்துணி உடுத்தி, நாலு மணி ஆராதனைக்கு ஓடிப் பழகிய நெல்லைக்காரர்களுக்கு இது ஒரு கிறிஸ்துமஸாகவே படாது. எல்டர் ஆறரைக்கு எழுந்தான், பார்சலைப் பிரித்தான், சீட்டில் இருந்தவை சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தான். எட்டு மணிக்கு வீட்டோடு வீடியோவில் பேச்சு. அங்கே 24-ஆம் தேதி மாலை நாலு மணி. மொத்தக் குடும்பமும் திரைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. கிறிஸ்துமஸ் அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டதால் கடைசித் தம்பிக்கு ஒரே சந்தேகம்: நாளைக்குத் தனக்கு என்ன பரிசு வரும் என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்குமே?

அப்பாவும் ஒரு காலத்தில் எல்டர்தான், பிரேசிலில். 2019 பிப்ரவரியில்தான் வாரம் ஒரு தடவை பேசலாம் என்று சபை விதியைத் தளர்த்தியது. அதற்கு முன் கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும் மட்டும்தான். எனவே அப்பா ஆரம்பிக்கிறார்: “எங்க காலத்துல வருஷத்துக்கு ரெண்டே போன். அதுக்கே நாங்க இரும்பு மாதிரி நின்னோம்.”

“அந்த ரெண்டு போன்லயும் நீங்க தேம்பித் தேம்பி அழுததை உங்க அம்மா எனக்குச் சொல்லியிருக்காங்க,” என்கிறாள் அம்மா.

அப்பா சைக்கிள் செயின் பற்றி விசாரிக்கிறார்.

இரண்டு வருடம் முடிந்து யூட்டா திரும்பிய எல்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவன் வேறு ரகம். செருப்பை வாசலில் கழற்றச் சொல்லி வீட்டாரை வதைப்பான். போனில் பேசும்போதும் குனிந்து வணக்கம் சொல்வான். சீக்கிரமே கல்யாணமும் ஆகிவிடும். முதல் டிசம்பரில், மனைவிக்குச் செண்டாய் கிறிஸ்துமஸைக் காட்டிவிட வேண்டும் என்று மூன்று வாரத்துக்கு முன்பே கென்டக்கிக் கடைக்குப் போன் போடுகிறான். 24-ஆம் தேதிக்கு ஒரு பக்கெட், ஸ்ட்ராபெர்ரி கேக்கோடு, முன்பதிவு வேண்டும்.

மறுமுனையில் இருப்பவன் கல்லூரிப் பையன். “சார், இது கோழிக் கடை,” என்கிறான். “நேர்ல வந்தா கோழி இருக்கும். கேக் இல்லை. 24-ஆம் தேதி கூட்டமும் இருக்காது. நான் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும், கொஞ்சம் முன்னாடியே வாங்க.”