நாலு நட்சத்திரமும் ஒரு நாற்காலியும்

கப் ஜெயித்தாயிற்று. அது எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போட்ட கூச்சலில்தான் தெரிந்தது. 2025 ஜூன் 14, சனிக்கிழமை சாயங்காலம், டப்ளினில் மழை. குரோக் பார்க் மைதானத்தில் லென்ஸ்டர் ரக்பி அணி, பிரிட்டோரியாவிலிருந்து வந்த புல்ஸ் அணியை 32-7 என்று புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது. நான் லூக்கனில் என் வீட்டுக் கொல்லைப்புற ஷெட்டில், புல்வெட்டும் மெஷினுக்கும் காய்ந்துபோன பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். கையில் ஃபோன் இல்லை, பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். மனைவி, ஒன்பது வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை மூவரும் ஓட்டெடுப்பு நடத்தி என்னை வெளியே அனுப்பினார்கள். மூன்றுக்குப் பூஜ்யம். எனக்கு ஓட்டு கிடையாது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் வருகிறவர், போகிறவர் எல்லாரும் கைகொடுத்தார்கள். "மேட்ச் எப்படி?" என்றார்கள். ஷெட்டின் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது என்றா சொல்ல முடியும்? "பிரமாதம்" என்றேன்.

லென்ஸ்டர் லீகில் ஜெயிப்பது ஒரு சேதியா? அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி, தென்னாப்பிரிக்கா என்று ஐந்து நாட்டிலிருந்து 16 அணிகள் ஆடும் லீக் அது. இந்த வருஷம் 18 ஆட்டத்தில் 16 ஜெயித்து முதலிடம். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. வேண்டியது ஐரோப்பியக் கோப்பை. ஜெர்சியில் அந்தக் கோப்பைக்கு ஒன்றாக நாலு நட்சத்திரம் தைத்திருக்கிறார்கள்: 2009, 2011, 2012, 2018. ஐந்தாவது நட்சத்திரத்துக்குத் துணியில் இடம் விட்டு ஏழு வருஷமாகிறது. அது ஏன் வரவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. சுத்தமான ரக்பி காரணம், டிஃபன்ஸ் சம்பந்தப்பட்டது, இதுவரை எந்தப் பத்திரிகையிலும் வராதது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்த நாற்காலி விவகாரத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன்.

நாங்கள் டப்ளினுக்குக் குடிவந்தது 2021 கடைசியில். அதற்கு முன் லென்ஸ்டர் 2018-லிருந்து 2021 வரை வரிசையாக நாலு வருஷம் லீக் கோப்பையை வாங்கி வீட்டில் அடுக்கிக்கொண்டிருந்தது. நான் முதன்முதலாக டிவி முன் உட்கார்ந்து பார்த்தது 2022 மே மாதம், மார்செய் நகரில் நடந்த ஐரோப்பிய ஃபைனல். எதிரணி பிரான்சின் லா ரொஷெல். லென்ஸ்டர் ஏழு பெனால்டி அடித்து 21 புள்ளி எடுத்தது. ஒரு ட்ரை கூட இல்லை, அதாவது பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டு வைக்கவே இல்லை. ஆனாலும் முன்னால் இருந்தது. 79-வது நிமிஷம் நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். எழுந்த காலை இன்னொரு காலோடு சேர்ப்பதற்குள் ரெத்தியேர் என்ற சின்ன உருவம் கோட்டுக்கு மேல் கையை நீட்டிப் பந்தை வைத்துவிட்டது. 24-21.

தாகம்தானே காரணம் என்று அடுத்த வருஷம் சொம்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். 2023 ஃபைனல் சொந்த ஊரில், அவீவா மைதானத்தில். எதிரணி அதே லா ரொஷெல். 12 நிமிஷத்துக்குள் லென்ஸ்டர் 17-0. பதின்மூன்றாவது நிமிஷம் நான் குடும்ப வாட்ஸாப் குழுவில், ரக்பி என்றால் வாழைப்பழமா என்று கேட்கக்கூடிய நாற்பத்திரண்டு பேருக்கு, "கப் நம்மளுது" என்று அனுப்பினேன். 27-26. ஒரு புள்ளி. அதற்கு முந்தின வாரம் லீக் செமிஃபைனலில் இன்னொரு அயர்லாந்து அணியான மன்ஸ்டரிடம் தோல்வி, 16-15. அதுவும் அவீவா, அதுவும் ஒரு புள்ளி. எட்டே நாளில் இரண்டு கோப்பை, மொத்தம் இரண்டு புள்ளியில் போனது. லா ரொஷெலின் பயிற்சியாளர் ரோனன் ஓ'காரா பல வருஷம் மன்ஸ்டருக்கு ஆடியவர், ஆகவே இரண்டையும் மன்ஸ்டர் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம். என் மகன் என் கணக்கில் எழுதினான்.

2024-இல் ஃபோனை அணைத்து அலமாரியில் வைத்தேன். சொம்பு இருந்தது. சோபாவின் இடது ஓரம், வலது கால் மடக்கி, இடது கால் தொங்கவிட்டு. இடைவேளைக்குப் பிறகு மாற்றிப் போடலாம் என்பது மனைவி தந்த சலுகை. லண்டனில் டாட்டன்ஹாம் மைதானம், எதிரணி துலூஸ். 80 நிமிஷம் முடியும் தறுவாயில் 15-15. லென்ஸ்டரின் ஃப்ராலி டிராப் கோலுக்குக் காலைத் தூக்கினார். நானும் மடக்கிய காலைத் தூக்கினேன். பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. கூடுதல் நேரத்தில் துலூஸ் 31-22. "காலை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா..." என்று மனைவி ஆரம்பித்த வாக்கியம் இன்னும் முடியவில்லை.

இந்த வருஷம் மார்ச் கடைசியில் அத்தை வந்தார். தொண்ணூறு நாள் விசா. ஏப்ரல் 5-ஆம் தேதி ஐரோப்பியக் கோப்பை ஆட்டம், நான் வேலையில் மாட்டிக்கொண்டேன். அத்தை ஹாலில் என் இடத்தில், சோபாவில் உட்காரப் பிடிக்காமல் அதற்கு முன்னால் ஒரு மர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பூண்டு உரித்துக்கொண்டே ஆட்டம் பார்த்திருக்கிறார். ஹார்லிக்வின்ஸுக்கு எதிராக 62-0. ஆறு நாள் கழித்து வெள்ளிக்கிழமை ராத்திரி கால்இறுதி, கிளாஸ்கோ. நான் ஒரு நண்பரை ஏர்போர்ட்டில் விடப் போயிருந்தேன். நாற்காலி, அத்தை, பூண்டு. 52-0. இரண்டு ஆட்டம், 114 புள்ளி, எதிரிக்கு முட்டை. ஐரோப்பாவே வாயைப் பிளந்தது. பயிற்சியாளர் நியனாபரின் டிஃபன்ஸ் என்று எழுதினார்கள். அவர் 2019-லும் 2023-லும் உலகக் கோப்பை ஜெயித்த தென்னாப்பிரிக்க அணியோடு இருந்தவர், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரும் பூண்டைப் பற்றி எங்கும் பேசவில்லை.

மே 3, செமிஃபைனல், நார்தாம்ப்டன். ஆட்டம் அவீவாவில். இங்கேதான் நான் ஒரு மனிதனாக நடந்துகொண்டேன், அதற்குத்தான் இந்தத் தண்டனை. "அத்தை, கொஞ்சம் எழுந்துக்கறீங்களா, இது நான் உட்கார்ற எடம்" என்றேன். வாடகை கொடுக்கிறவன் நான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. "உட்காருங்க மாப்பிள்ளை" என்று நாற்காலியைத் துடைத்துக்கூடக் கொடுத்தார். நான் உட்கார்ந்ததும், "எனக்குக் கொஞ்சம் கண்ணை அசத்துது" என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். வீட்டில் பூண்டும் தீர்ந்திருந்தது.

டாமி ஃப்ரீமன் என்ற ஒரே ஆள் இடைவேளைக்குள் மூன்று ட்ரை. போலாக் என்று இருபது வயதுப் பையன் ஒருவன், எவரையும் மதிக்காத ஓட்டம். நார்தாம்ப்டன் இந்த வருஷம் இங்கிலாந்து லீகில் எட்டாவது இடத்தில் முடித்த அணி. இரண்டு ஆட்டத்தில் ஒரு புள்ளி கொடுக்காத லென்ஸ்டர் இவர்களுக்கு 37 கொடுத்தது. 37-34. நியூசிலாந்திலிருந்து ஒரு சீசனுக்காகத் தருவித்த ஜோர்டி பேரட்டை முதலில் இறக்காமல் பெஞ்சில் வைத்தார்களே என்று ஊரே கொதித்தது. எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். இறக்க வேண்டிய ஆள் உள்ளே படுத்திருந்தார்.

விசில் ஊதியதும் அத்தை எழுந்து வந்து, "என்ன ஆச்சு?" என்றார். மகன் என்னைக் கைகாட்டினான்.

அதற்குப் பிறகு லீகின் கால்இறுதி, செமிஃபைனல் இரண்டுக்கும் என்னை சூப்பர் மார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். முதல் தடவை ஒரு கிலோ பூண்டு, இரண்டாம் தடவையும் ஒரு கிலோ பூண்டு. ஸ்கார்லெட்ஸ் 33-21, கிளாஸ்கோ 37-19. ஃபைனலுக்குக் கடை சரிப்படாது என்று ஷெட்டுக்கு மாற்றினார்கள். கடையில் டிவி இருக்குமாம். இந்த மூன்று வாரமாகப் பூண்டுக் குழம்பு, பூண்டு ஊறுகாய், பூண்டு ரசம். ஆபீஸ் மீட்டிங்கில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கிறது.

எரிச்சலோடு எரிச்சலாக இதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியக் கோப்பை என்று பேர், தென்னாப்பிரிக்க டர்பன்காரனும் ஆடுகிறான். 24 அணிகளை நாலு பிரிவாக்கி, ஆளுக்கு நாலு ஆட்டம் வைத்து, முடிவில் 16 பேர் தேறுவார்களாம். எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்ப இரண்டு மாசம் இழுப்பு. முந்தி ஆறு பிரிவு, நாலு நாலு அணி, சொந்த ஊரிலும் அடுத்த ஊரிலுமாக ஆறு ஆட்டம். ஒவ்வொன்றும் உயிர் போகிற ஆட்டமாக இருந்தது என்கிறார்கள் இங்கே பழைய ஆட்கள். இப்போது ஜனவரியில் தோற்றால் தோளைக் குலுக்கிக்கொள்கிறார்கள். லீகிலோ, ஏழு புள்ளிக்குள் தோற்றால் தோற்றதற்கே ஒரு புள்ளி. எனக்கு அந்தச் சலுகை வீட்டில் கிடையாது.

அத்தைக்கு இந்த ஆட்டத்தில் ஒன்றுதான் புரியவில்லை. பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான் கொடுக்க வேண்டும் என்று பேரன் விளக்கியிருக்கிறான். "பின்னால பின்னால குடுத்துக்கிட்டே எப்படிடா முன்னால போறது?" என்று கேட்டிருக்கிறார். அவன் என்னமோ வரைந்து காட்டினான். "உங்க தாத்தா நெலம் வித்த கதை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பூண்டைத் தொடர்ந்தாராம்.

டிஃபன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அதாவது, கோட்டை விட்டு வேகமாக வெளியே பாய்ந்து... மகன் வந்து கம்ப்யூட்டரை எட்டிப் பார்க்கிறான். லென்ஸ்டரைப் பற்றியா எழுதுகிறாய், எழுதினால் பார்த்த மாதிரிதானே, என்கிறான். யோசிக்க வேண்டிய விஷயம். சீசன் முடிந்துவிட்டதுதான், இருந்தாலும்.

அடுத்த வருஷ, அதாவது 2026 ஐரோப்பிய ஃபைனல் பில்பாவோவில். 2018-இல் நாலாவது நட்சத்திரம் வந்ததே அந்த ஊரில்தான், ரேசிங் 92 அணியை 15-12 என்று ஜெயித்து. அப்போது நான் சென்னையில் இருந்தேன், ரக்பி என்ற சொல்லையே சரியாக எழுதத் தெரியாது. மனைவி பில்பாவோ தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள்.

அத்தைக்கு அடுத்த வாரம் ஃப்ளைட். நேற்று ராத்திரி பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நானே போய்த்தான் கேட்டேன், கௌரவத்தை எல்லாம் ஷெட்டிலேயே விட்டுவிட்டு.

"அத்தை, அடுத்த வருஷம் மே மாசம் வர முடியுமா? டிக்கெட் நான் போடறேன்."

"வரேன் மாப்பிள்ளை, அதுக்கென்ன" என்றார் அத்தை, புடவையை மடித்தபடி. "அப்ப நீங்க எங்க இருப்பீங்க?"